அழுக்கணவன் விழுந்த பயற்றை

கொல்வதென்று இறங்கிவிட்டால் ராஜினி இரக்கம் பார்க்க மாட்டாள். பயற்றைக் கொடியின் கொழுந்தை இடது கையால் வளைத்துப் பிடித்து, வலது கையின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் அதன் மேல் வைத்து ஒரே இழுவை. கறுப்பாக அப்பிக் கிடந்த அழுக்கணவன் பூச்சியெல்லாம் களியாகி விரலில் ஒட்டும். அதைச் சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போவாள். வாயும் சும்மா இராது. "செத்துப் போ, குடும்பத்தோட செத்துப் போ" என்று கொடிக்கொரு சாபம். கேட்பவர்களுக்கு அவள் யாரோடோ சண்டை பிடிப்பதாகத்தான் தோன்றும். உண்மையும் அதுதான்.

அழுக்கணவன் கடுகில் பாதிகூட இராது. கடிக்காது, கொட்டாது, ஆளைக் கண்டால் ஓடவும் மாட்டாது. சாறு உறிஞ்சும், குட்டி போடும், அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஆனால் இன்று நசுக்கின கொழுந்தில் நாளைக்கு விடிய அதே கறுப்பு திரும்ப அப்பியிருக்கும். போதாக்குறைக்கு எறும்பு. அந்தப் பூச்சி கழிக்கிற இனிப்புத் தண்ணீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கொடியில் குடியேற்றியும் விடும். ராஜினி எறும்புப் புற்றுக்குள் கொதிதண்ணீர் ஊற்றினாள். சவர்க்காரத் தண்ணீர் தெளித்தாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வீசினாள். மாசிப் பனி இருக்கும்வரை இந்தச் சனியன் போகாது என்று ஜெயபுரம் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பூத்துப் பிஞ்சு விடுகிற நேரத்தில், பனி முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவளால் ஆகுமா?

இதற்கு வழி திறந்து விட்டவன் நிரஞ்சன், அவளுடைய கணவன். வேலிக்கு அப்பால் யோகலிங்கத்தாரின் பயற்றை கடும் பச்சையாய் நின்றதைப் பார்த்து இவனும் யூரியா வாங்கி வந்து கண்மண் தெரியாமல் போட்டான். கொடி மளமளவென்று எழுந்தது. கொழுந்து தொட்டால் ஒடிகிற மென்மையில் பளபளத்தது. அழுக்கணவனுக்கு அதைவிட விருந்து வேறில்லை. இரண்டு தோட்டத்திலும் ஒரே கிழமையில் விழுந்தது.

"வயிறு காஞ்சு கெடக்கிற மண்ணுக்குச் சாராயத்த ஊத்தியிருக்கீங்க" என்று ராஜினி திட்டினாள். நிரஞ்சன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இருவரும் வன்னியில் பிறந்தவர்கள்தான். ஆனால் பெற்றவர்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடி வந்தவர்கள். அதனால் வீட்டுக்குள் மலைநாட்டுப் பேச்சு; வாசற்படலையைத் தாண்டினால் வன்னிப் பேச்சு. இரண்டுக்கும் இடையில் நாக்கு தானாகவே மாறிக்கொள்ளும்.

மண்ணின் வயிறு காய்ந்து கிடந்தது உண்மை. அந்தக் காணி மணலும் சரளைக் கிறவலும். இறைக்கிற தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாது. ராஜினி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். பூச்சி இருப்பது கொழுந்தில். அப்படியென்றால் கொழுந்து முழுவதையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். நுனி போனால் கொடி பக்கத்தில் கிளைக்கும், காய்க்கும். கிள்ளினதை வெளியே வீசினால் பூச்சி திரும்ப நடந்து வரும். ஆகவே வரிசைகளுக்கு நடுவில் ஆழமாகக் கிடங்கு வெட்டி, கொழுந்தைப் பூச்சியோடு அடியில் போட்டு, மேலே பச்சைக் குழை, மாட்டெரு, சாம்பல் என்று நிரப்பி மண்ணால் மூடிவிட வேண்டும். பூச்சியும் சாகும், மண்ணுக்கும் சோறு கிடைக்கும். இப்படிக் குழையை மண்ணுக்குள் தாழ்ப்பது ஜெயபுரத்தில் எல்லோரும் செய்கிற வேலை. கொழுந்து கிள்ளுவது அவளுடைய அம்மாவின் வேலை. இரண்டையும் சேர்த்தவள் ராஜினி.

குழைக்கு எங்கே போவது? வேலிக்குத்தான்.

இந்த இடத்தில் வேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறினவர்கள் பானை சட்டியோடு பங்கு வேலி வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். இரண்டு காணிக்கு நடுவில் ஓடுகிற வேலியில் பாதி ஒருவரின் பங்கு, மறுபாதி மற்றவரின் பங்கு. யாருடைய பங்கோ அவர்தான் அதில் கதியால் தடி நட்டு மரமாக வளர்ப்பார், அடைப்பார், குழை வெட்டுவார். கிளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குழை பங்குக்காரருக்கே. எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் அதற்காகக் கோடேறி வழக்காடிக் காணியையே விற்றுத் தீர்த்தவர்கள் உண்டு. ராஜினியின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்கள். லயத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அங்கே வேலி ஏது, பங்கு ஏது? இந்தக் காணிக்கு வருமுன் அவர்கள் இருந்த முகாமைச் சுற்றி முள்ளுக்கம்பிதான். நம் பக்கம் தலையை நீட்டுகிற கிளை நம்முடையது என்றே அவர்கள் நினைத்தார்கள். யோகலிங்கத்தாரின் பங்கில் நின்ற சீமைக்கிளுவை முழுவதும் இவர்கள் பக்கம்தான் சாய்ந்து நின்றது.

"அந்தக் கொழையப் போயி வெட்டுங்க" என்று சொன்னவள் ராஜினிதான்.

நிரஞ்சன் வெட்டினால் கஞ்சத்தனம் இல்லாமல் வெட்டுவான். காலை வெயில் ஏறுவதற்குள் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குப் பொட்டு விழுந்துவிட்டது. அந்தப் பொட்டினூடாகத்தான் யோகலிங்கத்தார் வந்தார். ஐம்பது தாண்டிய, நெஞ்சில் நரை விழுந்த, கட்டுமஸ்தான ஆள். தன் பயற்றைக்குள் நின்று பூச்சி பிடித்த கொடிகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவர். கையில் காட்டுக்கத்தி.

"டேய்! ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"எங்கட பக்கம் சாய்ஞ்சு நிண்டது அண்ணை. குழை தாழ்க்கத்தான்..." என்றான் நிரஞ்சன்.

"சாய்ஞ்சால் உன்ரையோ? இது என்ரை பங்கு. என்ரை கையாலை நட்ட கதியால். நாளைக்கு நான் இதிலை சாய்ஞ்சு நிண்டால் என்னையும் வெட்டுவியோ?"

ராஜினி ஓடி வந்தாள். "தெரியாமல் வெட்டிப்போட்டார் அண்ணை. குழை முழுக்க உங்களிட்டையே தூக்கித் தாறம். கோவிக்காதேங்கோ."

"பூச்சியைத் தந்தியள், இனிக் குழையையும் தாறியளோ?" யோகலிங்கத்தாரின் வாயோரத்தில் எச்சில் தெறித்தது. "உங்கட ஊத்தைத் தோட்டத்திலையிருந்துதானே எனக்கு வந்தது. தோட்டக்காட்டுச் சனத்தை அயலிலை விட்டால் வேறை என்ன வரும்?"

தோட்டக்காடு. மலைநாட்டாரை இழிக்கிற அந்த ஒரு சொல்லை வன்னியில் எத்தனையோ விதமாகச் சொல்லுவார்கள். சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், தெரியாத மாதிரிச் சொல்லுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள். எப்படிச் சொன்னாலும் அது போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். நிரஞ்சன் தோளில் கிடந்த குழைக்கட்டை நிலத்தில் அடித்தான்.

"வாயை அடக்கிக் கதையுங்கோ" என்று ஒரு அடி முன்னுக்கு வந்தான்.

கத்தி உயர்ந்ததை ராஜினி கண்டாள். மிரட்டத்தான் ஓங்கினாரோ, வெட்டத்தான் ஓங்கினாரோ, அது அவருக்கே தெரியுமோ தெரியாது. நிரஞ்சன் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கினான். முழங்கைக்குக் கீழே சதை வாயைத் திறந்தது. ஒரு கணம் வெள்ளையாக இருந்தது, பிறகு இரத்தம் பொங்கி விரல் நுனிவரை ஓடி வெட்டின குழை மேல் கொட்டியது.

"ஐயோ, என்ன வேலை செய்துபோட்டியள்!" என்று அலறிக்கொண்டு யோகலிங்கத்தாரின் மனைவி சிவலட்சுமி வந்தாள். தோளில் கிடந்த துவாயைக் கழற்றி நிரஞ்சனின் கையில் சுற்றினவள் அவள்தான். யோகலிங்கத்தார் தன் கத்தியையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொட்டினூடாகத் திரும்பிப் போனார்.

ஓட்டோ வைத்திருந்த கோகுலன் அவர்களைக் கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடினான். தைத்தார்கள். எலும்பு தப்பியது, ஒரு நரம்பு தப்பவில்லை. சின்ன விரல் இனி மடங்குமோ என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். வெட்டுக்காயம் என்றால் பொலிசும் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என்ன நடந்தது என்று கேட்டார் பொலிஸ்காரர்.

நிரஞ்சன் வாயைத் திறந்தான். ராஜினி முந்திக்கொண்டாள்.

"குழை வெட்டேக்கை கத்தி வழுக்கிப்போட்டுது சேர்."

"நீங்கள் பார்த்ததா?"

"ஓம் சேர். நான் பக்கத்திலை நிண்டனான்."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். நிரஞ்சன் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை. காரணம் அவளுடைய அண்ணன். அவன் வவுனியாச் சிறையில் மறியலில் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு தென்னோலைக்காக வாய்த்தர்க்கம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அடித்தான். அண்ணன் பொலிசில் முறைப்பாடு கொடுத்தான். அடித்தவன் பிணையில் வந்து, அண்ணனின் படலையடியில் நின்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அண்ணன் கொடுத்த பதில் கொலை. அன்றிலிருந்து ராஜினியும் அண்ணியும் மாறி மாறிச் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறுகிறார்கள். மறியல் வாசலில் வெயிலில் நின்று, பேர் கூப்பிடக் காத்திருந்து, கம்பிக்கு அப்பால் நாளுக்கு நாள் சின்னதாகிப் போகிற ஒரு மனிதனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். முறைப்பாட்டால் சண்டை முடிவதில்லை, வளர்கிறது என்பதுதான் அவள் கண்டது. நிரஞ்சனை அந்தக் கம்பிக்கு அப்பால் பார்க்க அவள் தயாரில்லை. ஒரு விரல் மடங்காவிட்டால் போகட்டும். அவன் வீட்டில் இருக்க வேண்டும்.

இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டுக் காலையில் விட்டார்கள். ஓட்டோவில் வரும்போது நிரஞ்சன் ஒரே ஒரு வசனம்தான் பேசினான்.

"வலது கை நல்லாத்தான் இருக்கு, ராஜி."

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, குசினியில் இருந்த கத்தி, வேலிக்கத்தி, தேங்காய் வெட்டுகிற கத்தி எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி அலுமாரிக்குப் பின்னால் தள்ளியது. நிரஞ்சன் தேடினான். கதவுக்குப் பின்னால் பார்த்தான், கூரைச் சலாகையில் பார்த்தான், கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்தான்.

"எங்க வச்ச?"

"எத?"

"வெளையாடாத ராஜி. அவன நான் விடமாட்டேன்."

"விடாம என்ன செய்யப் போறீங்க? வெட்டுவீங்க. அப்புறம்? அண்ணனுக்குப் பக்கத்துல எடம் இருக்கான்னு கேட்டுட்டு வரவா? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பார்சலாக் கட்டிக்கிட்டு வாறேன். பஸ் காசாவது மிச்சம்."

அவன் சுவரை உதைத்தான். மண்சுவர், ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. "ஆஸ்பத்திரியில அவனுக்காகப் பொய் சொன்னியே, அதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒரு தடவ பாத்தியா?" என்று கத்தினான். அவள் அழுதாள், அழுதுகொண்டே அவன் கையில் கூடையைத் திணித்தாள்.

"ஒரு கை இருக்குல்ல? வாங்க. கொழுந்து கிள்ளுங்க. பூச்சி உங்க கோபம் ஆறட்டும்னு காத்துக்கிட்டிருக்காது."

ஆச்சரியம், அவன் வந்தான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து, கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்று வலக்கையால் கிள்ளத் தொடங்கினான். ராஜினி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் கொடியையே பிய்த்தான். கொஞ்ச நேரத்தில் விரல் வழிக்கு வந்தது. ஒடித்து, உள்ளங்கைக்குள் சேர்த்து, கை நிறைந்ததும் கூடைக்குள் போட்டான். அவனுடைய முகம் மெல்ல மெல்ல மனித முகமாக மாறியது. ஒருமுறை, "இங்க பாரு, எறும்பு மூட்டையா வருது" என்றுகூடச் சொன்னான். இவ்வளவுதான், இன்று ஒரு நாள் போனால் நாளைக்குப் பாதி ஆறிவிடும், நாளை மறுநாள் இன்னும் பாதி என்று ராஜினி கணக்குப் போட்டாள்.

அவள் கிடங்கு வெட்டினாள். கிறவல் நிலத்தில் மண்வெட்டி போட்டவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு போடும் தோளில் வந்து திரும்ப அடிக்கும். அவள் நிறுத்தவில்லை. முழங்கால் ஆழம் போனதும் இறங்கி நின்று வெட்டினாள். ஒரு போடு, மடங்காத விரலுக்கு. ஒரு போடு, தோட்டக்காடு என்ற சொல்லுக்கு. ஒரு போடு, எழுதிக்கொண்டு போன பொலிஸ்காரனுக்கு முன்னால் தான் பல்லிளித்து நின்றதற்கு. கணவனின் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று யோசித்தவள், தன் கோபம் எங்கே கிடக்கிறதென்று திரும்பிப் பார்க்கவில்லை. தனக்கும் கோபம் இருக்கிறதென்று அவளுக்கு நினைவே இல்லை. வெட்டின குழை வாடிப்போய்க் கரையில் குவிந்து கிடந்தது. அதில் இரத்தம் பட்ட கிளைகளைத் தனியாக ஒதுக்காமல் எல்லாவற்றையும் கிள்ளின கொழுந்தோடு சேர்த்துக் கிடங்குக்குள் இழுத்துப் போட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பலாம் என்று நினைத்தபோதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. யோகலிங்கத்தார் தன் பயற்றையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு அல்ல, முழுத் தோட்டத்தையும். தடியோடு சாய்த்து, கட்டின கயிறுகளைக் கத்தியால் அறுத்து, கொடியை வேரோடு இழுத்தார். பூச்சி தின்று முடித்துவிட்டது, இனி அதில் ஒன்றும் இல்லை. அந்த மனிதனின் முகத்தில் அழுகை இருந்ததை ராஜினி கிடங்குக்குள் நின்றபடியே கண்டாள். கண்டு இரங்கியிருக்கலாம். இரங்கவும் செய்தாள், ஒரு மூச்சு விடுகிற நேரம்.

அதற்குள் முதல் கொடி வேலிக்கு மேலால் பறந்து வந்து நிரஞ்சன் கிள்ளி முடித்திருந்த வரிசையில் விழுந்தது.

"இந்தாங்கோ! குழைதானே கேட்டனீங்கள்? தாழுங்கோ!"

அடுத்தது நிரஞ்சனின் தலையில் விழுந்தது. கறுப்பாக அழுக்கணவன் அப்பிய கொடி கழுத்தில் மாலையாகத் தொங்கியது. அவன் அசையவில்லை. வலக்கையால் மெதுவாக எடுத்துப் போட்டான். கட்டுத்துணி மேல் பூச்சிகள் ஊர்ந்தன.

"சும்மா இருங்க. பாக்காதீங்க. இங்கிட்டு வாங்க" என்றாள் ராஜினி, தாழ்ந்த குரலில்.

"உங்கட ஆக்கள் செய்த வேலைக்கு என்ரை தோட்டம் சுடலை" என்று கத்தினார் யோகலிங்கத்தார். இன்னொரு கொடி வந்தது, இன்னொன்று. "கிள்ளுறியோ? கிள்ளு. கொழுந்து கிள்ளுறதுதானே உங்கட பரம்பரைத் தொழில். மற்றக் கையையும் நீட்டு, வெட்டி விடுறன். பிறகு வாயாலை கிள்ளலாம்."

"என்ரை கடவுளே, வாயை மூடிக்கொண்டு வாங்கோவன்" என்று சிவலட்சுமி பின்னால் நின்று மன்றாடினாள்.

நிரஞ்சன் கழுத்திலிருந்து கூடையைக் கழற்றினான். பக்கத்தில் நின்ற பயற்றைத் தடி ஒன்றைக் கொடியோடு பிடுங்கினான். அது பெருவிரல் தடிப்பம்கூட இல்லை, அடித்தால் ஒடியும். அதைத் தூக்கிக்கொண்டு பொட்டை நோக்கி நடந்தான். ராஜினி கத்தினாள். அவன் திரும்பவில்லை. அந்தப் பக்கமிருந்து யோகலிங்கத்தார் பொட்டினூடாகக் காலை வைத்தார். கயிறு அறுத்த கத்தி அப்படியே கையில் இருந்தது. கொண்டு வந்தாரோ, போட மறந்தாரோ. ராஜினி அதை யோசிக்கவில்லை. கத்தியையும், அதை நோக்கி ஒரு குச்சியோடு போகிற தன் மனிதனையும்தான் கண்டாள்.

கிடங்கிலிருந்து எப்படி ஏறினாள் என்று அவளைக் கேட்டால் சொல்ல மாட்டாள். மண்வெட்டி கையோடுதான் வந்தது. நிரஞ்சனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னுக்குப் போனாள். யோகலிங்கத்தார் அவளைப் பார்த்துத் திரும்பினார். மண்வெட்டியின் பின்புறம் அவருடைய தாடையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். கத்தி ஒரு பக்கம் போனது, அவர் தள்ளாடிப் பக்கவாட்டில் வந்து, கால் இடறி, வேலியடிவரை நீண்டு கிடந்த கிடங்குக்குள் குழை மேல் மல்லாக்க விழுந்தார்.

இந்த அடிக்கு நியாயம் கேட்டால் நான் சொல்லுவேன். அவளிடத்தில் நின்ற எவளும் அடித்திருப்பாள். ஆனால் அடி இரண்டு.

அவர் குழை மேல் கிடந்து அவளைப் பார்த்தார். வாய் இரத்தமாக இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. "வேண்டாம் பிள்ளை" என்றுதான் சொல்ல வந்தார், தாடை போனபடியால் சத்தம் மட்டும் வந்தது. ராஜினி கிடங்கின் விளிம்பில் நின்று மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினாள். காலையிலிருந்து தூக்கின அதே உயரம், அதே மூச்சு. இம்முறை பின்புறம் அல்ல, வாய்ப்புறம். அது அவருடைய தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இறங்கி நின்றது. பயற்றங்கொழுந்தெல்லாம் சிவப்பாகியது.

"ராஜி!"

நிரஞ்சன் ஓடி வந்து அவளுடைய கையிலிருந்து மண்வெட்டியைப் பறித்தான். அவள் விடவில்லை, விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். வேலியடியில் சிவலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு ஊரைக் கூப்பிட்டாள். ஊர் வந்தது. கோகுலனின் ஓட்டோ வந்தது. நாலு பேர் யோகலிங்கத்தாரைத் தூக்கினார்கள். "உயிர் இருக்கு, உயிர் இருக்கு, கெதியா!" என்று யாரோ கத்தினார்கள். அவருடைய குதிக்கால் மண்ணில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு போனது. ராஜினி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொலிஸ் ஜீப் வந்தபோது முற்றம் நிறைய ஆட்கள். மண்வெட்டி நிரஞ்சனின் கையில் இருந்தது. வேண்டுமென்றே அவன் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் சேர் அடிச்சனான்" என்றான்.

ஆட்கள் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? முதல் நாள் வெட்டு வாங்கினவன் அவன். ஒற்றைக் கையால் அடித்தாலும் ஆத்திரத்தில் அடித்திருப்பான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் சிவலட்சுமியின் பக்கம் திரும்பி, "நீங்கள் கண்டதா?" என்று கேட்டார். சிவலட்சுமி ராஜினியைப் பார்த்தாள். அழுத கண்ணால் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு எதுவுமே சொல்லாமல் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அது இரக்கமோ, யார் போனாலென்ன என்ற வெறுப்போ, தெரியாது. ராஜினி வாயைத் திறக்காமல் நின்றால் போதும், நிரஞ்சன் ஜீப்பில் ஏறிவிடுவான். அவன் அவளைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான்: பேசாதே.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சட்டையில் மண்ணும் பூச்சிச் சாறும் இரத்தமும்.

"அவர் பொய் சொல்றார் சேர். ரெண்டு அடியும் நான்தான் அடிச்சனான்."

"ஏன் அடிச்சது?"

"நேற்று இவரை வெட்டினவர். இண்டைக்கும் கத்தியோடை வந்தவர்."

"வெட்டினதுக்கு முறைப்பாடு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஆஸ்பத்திரிப் பொலிசோடு கதைத்தார். போனை வைத்துவிட்டு அவர் அவளைப் பார்த்தார். "கத்தி வழுக்கினது என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தது என்றும் சொல்லியிருக்கிறது. இப்ப வேற கதை."

நிரஞ்சனைக் காப்பாற்ற ராஜினி சொன்ன பொய், இப்போது யோகலிங்கத்தாரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றது. பெண் பொலிஸ் ஒருத்தி வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

அவளைத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அப்போதுதான் நிரஞ்சனுக்கு விளங்கியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்தான். வெட்டுப்பட்ட கையையும் சேர்த்துத்தான். பெண் பொலிஸ் இழுத்தாள், அவன் விடவில்லை. இன்னொரு பொலிஸ்காரர் வந்து பிரிக்கப் பார்த்தார், அதற்கும் விடவில்லை. அவனுடைய கட்டுத்துணியில் சிவப்பு ஒரு பொட்டாகத் தெரிந்து, பெரிதாகி, அவளுடைய முதுகை நனைத்தது. அந்தச் சூட்டை அவள் உணர்ந்தாள். தான் நினைத்தது நடந்துவிட்டது, இவர் மறியலுக்குப் போகவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தது. அவன் தோளில் முகத்தை வைத்து, வீட்டுப் பேச்சில், அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"கைய விடுங்க. தையல் பிரியுது."